படத்தில் எல்லாரும் இருக்கிறார்கள்

இந்த வாரம் ஒரு படத்தை விமர்சனம் செய்யப் போகிறேன். கதாநாயகன், கதாநாயகி, பாட்டு, சண்டை எதுவும் கிடையாது. நடித்தவர்கள் 23 பேர். அதில் 19 பேர் பெண்கள். படம் ஓடும் நேரம் ஒரு நொடி. கேமரா, இயக்கம், வெளியீடு எல்லாம் ஒரே ஆள். நடித்தவர்களில் ஒருவர்கூட இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. ஆனால் படம் ஓடினால்தான் அவர்களுக்குச் சம்பளம்.

புகைப்படத்தைத்தான் சொல்கிறேன். கொல்லிமலையில் சோளக்காட்டைத் தாண்டி ஒரு சிற்றூர் (ஊர் பெயர் வேண்டாமே). 2025 ஜூலைக் கடைசி, காலை பத்தரை மணி. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களின் வருகையைப் பதிவு செய்ய, செல்போனில் எடுத்த படம் அது.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள். "வளைவை எண்ணிக்கிட்டே வாங்க தம்பி, தலை சுத்தாது" என்றார் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர். நாற்பத்தேழில் எண்ணிக்கை தவறிவிட்டது. சுற்றியது. மேலே போய் இறங்கினால் பலாப்பழ வாசனை. மலைவாழைத் தார்கள், அன்னாசி, மிளகு மூட்டை, அதை எடை போடும் வியாபாரிகள். இந்த மலைச் சரக்கு கீழே போகிற வேகத்துக்கு, கீழேயிருந்து வரவேண்டிய சமாச்சாரங்கள் மேலே வருவதில்லை. செல்போன் சிக்னல் உள்பட.

வேலை நடந்த இடம் ஒரு சரிவு. மண் வரப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். பணித்தளப் பொறுப்பாளர் அந்த ஊர்ப் பெண்தான், பத்தாவது படித்தவர். பெயர்களை வாசித்தார், செல்போனில் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் குறித்துக்கொண்டார். பிறகு எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார். வெயிலுக்குத் தலையில் துண்டு, சேலை முந்தானை. பின்வரிசையில் இரண்டு பேர் முன்னால் நிற்பவர்களின் தோளுக்குப் பின்னால் காணாமல் போனார்கள். "ஆயா, முன்னாடி வந்து நில்லு, மூஞ்சி தெரியணும்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு எடுத்துவிட்டார். பிறகு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பாறையை நோக்கி நடந்தார். அங்கேதான் டவர் எடுக்குமாம். சிக்னல் இல்லாத இடத்திலும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்பலாம் என்று செயலியில் ஒரு வசதி இருந்தது. அதுவும் இல்லாவிட்டால் கொல்லிமலையில் பாதி ஊர்கள் வேலைக்கே வராதவையாகியிருக்கும்.

பாறையிலிருந்து இறங்கி வந்தவரிடம் கேட்டேன். "இதுல எந்த மூஞ்சி யாருதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

"அது எப்படிங்க சார் தெரியும்? பேருக்கு நேரா டிக் போடறது ஒண்ணு. போட்டோ எடுக்கறது ஒண்ணு. ரெண்டும் தனித்தனி."

இந்த ஒரு பதிலுக்காக 70 வளைவு சுற்றியது வீண் போகவில்லை.

*

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங் என்று ஒரு பேப்பர் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு. பாதிப் பேர் தூங்கிவிடுவோம். ஒரு நாள் பேராசிரியர் 'டம்மி வொர்க்கர்' என்று ஆரம்பித்ததும் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் "பிரசன்ட் சார்" என்றான்.

டம்மி வொர்க்கர் என்பவர் கூலிப் பட்டியலில் மட்டும் உயிர் வாழ்பவர். இல்லாத ஆளின் பெயரை எழுதி, அந்தக் கூலியை எழுதியவரே வாங்கிக்கொள்வது, கூலிக் கணக்கு என்று ஒன்று தோன்றிய நாளிலிருந்து நடக்கிற திருட்டு. அதற்கு ஆடிட்டிங் புத்தகங்கள் சொல்கிற மருந்து ரொம்பச் சாதாரணமானது. வருகையைக் குறிக்கிறவர் ஒருவர். கூலிப் பட்டியல் போடுகிறவர் இன்னொருவர். அதைச் சரிபார்க்கிறவர் வேறொருவர். பணம் கொடுக்கிறவர் இந்த மூவரும் அல்லாத நாலாமவர். பணம் கொடுக்கும்போது, ஆள் இன்னார்தான் என்று அடையாளம் சொல்ல மேஸ்திரி பக்கத்தில் நிற்க வேண்டும். யாரும் வாங்காமல் கிடக்கும் கூலிக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும், ஏனென்றால் டம்மிகள் வசிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

கவனியுங்கள். பேனாவில் எழுதினாலும் பென்சிலில் எழுதினாலும் கம்ப்யூட்டரில் எழுதினாலும் இந்த விதி மாறுவதில்லை. கருவி எது என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. கைகள் எத்தனை என்பதுதான் கேள்வி.

இதைச் சொல்வதால் 'கம்ப்யூட்டர் ஒழிக' கட்சி என்று என்னை முடிவு கட்டிவிடாதீர்கள். டிஜிட்டல் சம்பளப் பட்டியல் பிடித்த பேய்கள் கொஞ்சநஞ்சமல்ல. டெல்லி மாநகராட்சியில் கைரேகை வருகைப் பதிவைக் கொண்டுவந்தபோது, 2009 நவம்பரில் ஒரு கணக்கு வெளிவந்தது. ஏட்டில் இருந்த ஊழியர்கள் 1,27,094. இயந்திரத்தில் விரல் வைத்தவர்கள் 1,04,241. மீதி 22,853 பேருக்கு விரலும் இல்லை, ஆளும் இல்லை. இதனால் போன பணம் மாதம் சுமார் 17 கோடி ரூபாய் என்றார்கள். நைஜீரியாவில் 2016இல் மத்திய அரசின் சம்பளப் பட்டியலை வங்கிகளின் கைரேகைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய 24,000 பெயர்கள் உதிர்ந்தன. இந்தப் பணமெல்லாம் நீங்களும் நானும் அவர்களும் கட்டிய வரி. பேயை விரட்டியது இயந்திரம்தான். சந்தேகமில்லை.

நூறு நாள் வேலையிலும் அப்படி ஒரு வெற்றிக் கதை உண்டு. ஒன்றுபட்ட ஆந்திராவில், 2010-லிருந்து இரண்டு ஆண்டுகளில் எட்டு மாவட்டங்களின் 157 மண்டலங்களில் கைரேகை ஸ்மார்ட் கார்டு மூலம் கூலி கொடுத்துப் பார்த்தார்கள். எந்த மண்டலத்துக்கு முதலில், எதற்குப் பிறகு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, இரண்டையும் ஒப்பிட்டு முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. அரசாங்கம் செலவழித்த தொகை கூடவில்லை. ஆனால் தொழிலாளர் வீட்டுக்கு வந்த நூறு நாள் வேலைக் கூலி 24 சதவீதம் கூடியது. அதாவது நடுவில் யாரோ விழுங்கிக்கொண்டிருந்தது வாயிலிருந்து வெளியே வந்தது.

சந்தோஷமான செய்தி. ஆனால் அந்த ஸ்மார்ட் கார்டு எப்படி வேலை செய்தது என்பதைப் பாருங்கள். கூலி கொடுக்கக் கருவியோடு வந்தவர் உள்ளூர்ப் பெண். பணம் கிராமத்துக்கு வந்தது. வாங்குகிறவர் விரல் வைத்தார், ரொக்கத்தைக் கையில் வாங்கினார், ரசீதும் வாங்கினார். வேலைக்குக் குறித்தவர் வேறு, பணம் கொடுத்தவர் வேறு. புத்தகம் சொன்ன அதே நாலு கை. அதைக் கொஞ்சம் விரைவாக இயங்க வைத்தது கருவி.

*

இப்போது நம் படத்துக்கு வருவோம்.

மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021 மே மாதம் இந்த வருகைப் பதிவுச் செயலியைக் கொண்டுவந்தது. 2022 மே மாதத்திலிருந்து இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் கட்டாயம். 2023 ஜனவரியிலிருந்து, தனிநபர் பயன்பெறும் பணிகள் தவிர எல்லா இடங்களிலும் கட்டாயம். நேரமும் இடமும் தானாகப் பதிவாகும்படி காலையில் ஒரு படம், மதியத்துக்குப் பிறகு ஒரு படம். டெல்லியில் உட்கார்ந்துகொண்டு கொல்லிமலையில் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பார்க்கலாம். கேட்கவே ஜிலீர் என்றிருக்கிறது.

விமர்சகன் என்ற முறையில் முதல் குறை: கதை. இந்தத் திட்டத்தில் பெரும்பாலும் மண்ணை அளந்துதான் கூலி. எத்தனை கன மீட்டர் வெட்டினீர்கள் என்பதுதான் கணக்கு, எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்பது அல்ல. படமோ நின்றதை மட்டும் காட்டுகிறது. வெயிலுக்கு முன் வந்து, மண்ணை வெட்டிப் போட்டுவிட்டு, பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குச் சோறு போட வேண்டிய பெண், இரண்டாவது படத்துக்காக மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். "வேலை முடிஞ்சு ரெண்டு மணி நேரம் ஆச்சுங்க. போட்டோவுக்குத்தான் காத்திருக்கோம்" என்றார் ஒரு பெண். நிற்கிறவரைப் பிடித்துவைத்துவிட்டார்கள். வெட்டாத மண்ணை வெட்டியதாக எழுதுகிறவரை இந்தப் படம் என்ன செய்யும்?

இரண்டாவது குறையை நான் சொல்ல வேண்டியதில்லை. அமைச்சகமே சொல்லிவிட்டது. நான் மலையேறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2025 ஜூலை 8ஆம் தேதி, எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது. செயலியை எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று அதில் பட்டியல். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்களை ஏற்றுகிறார்கள். நேரில் எடுக்காமல், ஏற்கெனவே எடுத்த படத்தைப் படம் எடுத்து ஏற்றுகிறார்கள். பட்டியலில் உள்ள தலை ஒரு கணக்கு, படத்தில் உள்ள தலை வேறு கணக்கு. ஆண் பெண் எண்ணிக்கை பொருந்தவில்லை. ஒரே ஆள் பல பட்டியல்களின் படங்களில் முகம் காட்டுகிறார். மதியப் படம் ஏறுவதே இல்லை.

படித்தபோது எனக்குக் கடைசி பெஞ்சு "பிரசன்ட் சார்"தான் ஞாபகம் வந்தது. டம்மி வொர்க்கர் சாகவில்லை. போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய்வந்திருக்கிறார்.

பரிகாரம் என்ன? ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும், நூற்றுக்கு நூறும், மனிதர்கள் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று அதே சுற்றறிக்கை உத்தரவிட்டது. மனிதரை நம்ப முடியாது என்று இயந்திரத்தைக் கொண்டுவந்தோம். இயந்திரத்தை நம்ப முடியாது என்று மறுபடி மனிதரிடம் வந்தோம். எந்த மனிதரிடம்? ஊராட்சியிடம். எந்த மட்டத்தில் தப்பு நடக்கிறது என்று சந்தேகப்பட்டார்களோ, அதே மட்டத்திடம்.

இது நம் நாட்டுக்குப் புதுசும் அல்ல. ராஜஸ்தான் உதய்பூர் மாவட்டத்தில் 2006இல் ஒரு சோதனை. துணை சுகாதார நிலையங்களின் செவிலியர்கள் வேலைக்கு வருவதில்லை என்று, தேதியும் நேரமும் அச்சடிக்கும் இயந்திரம் கொடுத்தார்கள். வராத நாளுக்குச் சம்பளப் பிடித்தம் என்றார்கள். ஆறு மாதம் அற்புதமாக நடந்தது. வருகை ஏறக்குறைய இரண்டு மடங்கு. பதினாறாவது மாதத்தில் போய்ப் பார்த்தால் இயந்திரம் வைத்த இடமும் வைக்காத இடமும் ஒன்றுபோலக் காலி. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ (பின்னால் நோபல் பரிசு வாங்கினார்களே, அவர்கள்தான்), ரேச்சல் கிளென்னர்ஸ்டர் மூவரும் தோண்டிப் பார்த்தார்கள். மேலதிகாரிகள் 'விலக்கு நாள்' என்று ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். கூட்டம், கணக்கெடுப்பு, வேறு பணி என்று காரணம் எழுதினால் பிடித்தம் கிடையாது. இயந்திரம் கடைசிவரை உண்மையைத்தான் சொன்னது. கேட்கிற இடத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

*

இதுவரை திருடுகிறவர்களைப் பற்றி. இனி, திருடாதவர்களைப் பற்றி.

அதே சரிவில் ஓர் அம்மா. அறுபதை நெருங்கும் வயது. ஒரு வாரக் கூலி வரவே இல்லை என்றார். கம்ப்யூட்டரில் பார்த்தால் பணம் போய்விட்டது என்று காட்டுகிறதாம். பாஸ்புக்கில் இல்லை. பஸ் ஏறி வங்கிக்குப் போனார். "இங்க வரலம்மா" என்றார்கள். அலுவலகத்துக்குப் போனார். "நாங்க போட்டுட்டோமே" என்றார்கள். இரண்டு பேரும் சொன்னது உண்மை. மூன்றாவது முறை, படித்த ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் விஷயம் தெரிந்தது. எப்போதோ ஏதோ ஒரு முகாமில் அவர் பெயரில் யாரோ இன்னொரு கணக்கு திறந்து, ஆதாரையும் இணைத்துவிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது. கூலி அங்கே போய்ச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

2024 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து இந்தத் திட்டத்தில் ஆதார் வழிதான் கூலி என்று கட்டாயமாக்கினார்கள். உங்கள் கணக்கு எண்ணுக்கு அதில் வேலை இல்லை. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அங்கே பணம் போகும். நகரத்தில் இருக்கும் உங்களுக்கும் எனக்கும் அது வசதி. சமையல் எரிவாயு மானியம் எந்த வங்கிக்கு வருகிறது என்று செல்போனிலேயே பார்த்துவிடுவோம். பார்க்க முடியாதவருக்கு அது கண்ணைக் கட்டிவிட்டு ஆடும் ஆட்டம்.

அந்த அம்மா மூன்று முறை போய்வந்த பஸ் செலவு, இழந்த மூன்று நாள் கூலி இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். மூன்று நாளுக்கு ஆயிரத்துச் சொச்சம். ஒரு வாரக் கூலியைக் கண்டுபிடிக்க அதில் பாதியைச் செலவழித்திருக்கிறார். இதை எந்தச் செயலியும் 'கசிவு' என்று கணக்கு எழுதாது. யாரும் திருடவில்லையே!

"முந்தி எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

நாமக்கல் மாவட்டத்துக்கு இந்தத் திட்டம் வந்தது 2008 ஏப்ரலில். ஆரம்ப ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கூலி ரொக்கமாகத்தான். 80 ரூபாய் கூலி இருந்த காலம் அது. வாரம் ஒரு நாள் பட்டுவாடா. எல்லாரும் உட்கார்ந்திருக்க, பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள். இல்லாத ஆளின் பெயர் வந்தால் "அவ ஊர்லயே இல்லியே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். "பத்து ரூபா பிடிச்சுக்குவாங்க சாமி, அது இல்லேங்கல" என்றார் அந்த அம்மா. "ஆனா யார் பிடிக்கிறாங்கன்னு தெரியும். நேரா நின்னு கேக்கலாம். இப்ப யாரைப் போய்க் கேக்கறது?"

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பத்து ரூபாய் பிடித்தது திருட்டுதான். வெளியூருக்குப் பிழைக்கப் போனவர் பெயரில் கைநாட்டு வைத்த கதைகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. வாய் திறந்தவருக்கு அடுத்த வாரம் வேலை இல்லை என்பதும் உண்டு. அதனால்தான் வங்கிக் கணக்கு வந்தது, வந்தது நல்லதுதான். குறிப்பாகப் பெண்களுக்கு. ஆனால் அந்தப் பட்டுவாடாவில் ஒரே ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஊர் முன்னால் பட்டியலை வாசித்தார்கள். ரொக்கத்தோடு சேர்த்து அதையும் தூக்கிப் போட்டுவிட்டோம்.

*

ஆப்கானிஸ்தானில் 2009இல் நடந்தது இது. போலீஸ்காரர்களுக்கு ரொக்கமாகக் கொடுத்த சம்பளத்தை செல்போன் வழியாக நேரடியாக அனுப்பிப் பார்த்தார்கள். முதல் மாதம் சம்பளம் வந்ததும் போலீஸ்காரர்களுக்கு ஆச்சரியம். சம்பளம் முப்பது சதவீதம்வரை கூடியிருக்கிறதே! ஊதிய உயர்வு என்று நினைத்தார்கள். உயர்வெல்லாம் இல்லை. அதுதான் அவர்களுடைய உண்மைச் சம்பளம். அதுவரைக்கும் மேலே இருந்தவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையை டிஜிட்டல் பணம் பற்றிய கூட்டங்களில் இதுவரைக்கும்தான் சொல்வார்கள். கைத்தட்டல் கிடைக்கும். இதற்கு அடுத்த பகுதி ஒன்று உண்டு. ஒரு தளபதி, தனக்குக் கீழே இருந்த போலீஸ்காரர்களின் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் சம்பளத்தை வசூல் பண்ணப் பார்த்தார்.

பணம் போகும் வழியை மாற்றுவது சுலபம். யாரிடம் யார் பயப்படுகிறார்கள் என்பதை மாற்ற மென்பொருள் இன்னும் வரவில்லை. ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் சேர்த்து இன்னொருவரிடம் ஒப்படைத்திருக்கும் தொழிலாளிகளை நான் வேறு மாவட்டங்களில் பார்த்திருக்கிறேன். கணக்கு வழக்கு கனகச்சிதமாக இருக்கும். ஆடிட்டர் வந்தால் சபாஷ் போட்டுவிட்டுப் போவார்.

*

வணிகவியல் படித்தவனுக்கு வயிற்றெரிச்சல் தருகிற விஷயத்தை இப்போது சொல்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டப்படி, வேலை முடிந்து பட்டியல் முடித்த 15 நாளுக்குள் கூலி வந்துவிட வேண்டும். வராவிட்டால் 16ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளைக்கும் 0.05 சதவீதம் இழப்பீடு. ஆறு நாள் கூலி 2,016 ரூபாய் என்று வையுங்கள். ஒரு நாள் தாமதத்துக்கு இழப்பீடு ஒரு ரூபாய். சரியாகச் சொன்னால் ஒரு ரூபாய் ஒரு காசுக்கும் குறைவு. வட்டிக் கடைக்காரர் கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பார்.

அந்த ஒரு ரூபாயாவது வந்ததா? கூலி இரண்டு கட்டமாகப் போகும். ஊராட்சி, ஒன்றியம், மாநிலம் எல்லாம் சேர்ந்து 'பணம் போடலாம்' என்ற ஆணையைக் கம்ப்யூட்டரில் உருவாக்குவது முதல் கட்டம். மத்திய அரசு அதைப் பார்த்துப் பணத்தை அனுப்புவது இரண்டாம் கட்டம். தாமதத்தைக் கணக்கிடும் மென்பொருள் முதல் கட்டத்தோடு கடிகாரத்தை நிறுத்திவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. கீழே உள்ளவர்கள் ஒரு நாள் தாமதித்தால் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்கும். மேலே உள்ளவர்கள் மூன்று மாதம் தாமதித்தாலும் திரையில் பூஜ்யம். இது விஷயமாக வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. இரண்டாம் கட்டத் தாமதத்துக்கும் தொழிலாளிக்கு இழப்பீடு உண்டு என்று 2018 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது.

அதற்குப் பிறகும் 2024 கடைசியில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலி நின்றது. 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி என்று தமிழக முதலமைச்சர் 2025 ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பொங்கலுக்குக் காசில்லாமல் போனது. அத்தனையும் 15 நாளைத் தாண்டிய தொகை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இழப்பீடு மட்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 53 லட்சம் ரூபாய் வருகிறது. நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

காலை பதினொரு மணிப் படம் பத்து நிமிஷம் தாமதமானால் ஒரு நாள் கூலி சந்தேகத்துக்குள்ளாகிற அதே அமைப்பில், மாதக்கணக்கான தாமதத்துக்குக் கடிகாரமே இல்லை. மோசடி என்ற சொல்லை நாம் ஏன் ஒரு திசைக்கு மட்டும் பயன்படுத்துகிறோம்?

இதே சோளக்காட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கும் டிஜிட்டல் சம்பளம்தான். தமிழ்நாடு அரசு சுமார் 289 கோடி ரூபாய்ச் செலவில் ஒருங்கிணைந்த நிதி, மனிதவள மேலாண்மைத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஏறத்தாழ 9 லட்சம் ஊழியர்களின் பணிப் பதிவேடுகளையும் சம்பளப் பட்டியலையும் கணினிக்குக் கொண்டுபோனது. இப்போது அதற்குக் 'களஞ்சியம்' என்று அழகான தமிழ்ப் பெயர். ஆரம்பத்தில் அதிலும் ஏகப்பட்ட குளறுபடி, ஊழியர்கள் புலம்பினார்கள். ஆனால் பாருங்கள், அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. சம்பளச் சீட்டை அவர்களே திறந்து பார்க்கலாம். பிடித்தம் எதற்கு என்று தெரியும். ஒண்ணாம் தேதி தள்ளிப்போனால் கோட்டைவரை சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்தான் அந்த மென்பொருளைத் திருத்தியது என்பது என் அபிப்பிராயம். படம் எடுத்துக்கொண்டு நின்ற 23 பேருக்குச் சம்பளச் சீட்டும் இல்லை, சத்தமும் இல்லை.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாததல்ல. 2005 சட்டத்தின் 17ஆம் பிரிவு, எல்லா வேலைகளையும் கிராம சபையே தணிக்கை செய்ய வேண்டும் என்றது. சமூகத் தணிக்கை. பட்டியலை ஊர் முன்னால் வாசி, கேள்வி கேட்கவிடு. பழைய பட்டுவாடாவில் இருந்த அதே நல்ல பழக்கத்துக்குச் சட்ட அந்தஸ்து. கூலிக்கு வந்தவரையே ஆடிட்டராக்குகிற ஏற்பாடு. தமிழ்நாட்டில் இதற்கென்றே ஒரு சங்கம் அமைத்து நடத்தினார்கள். கண்டுபிடித்த குறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கண்டுபிடித்த பிறகு பணத்தை வசூலிப்பதில் எந்த மாநிலமும் காட்டிய சுறுசுறுப்பு, படம் எடுப்பதில் காட்டியதில் நூற்றில் ஒரு பங்கு இருக்காது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேற்றிவிட்டது. நூறு நாள் 125 நாளாகிறது. கூலிச் செலவில் பெரும்பாலான மாநிலங்களுக்கு 40 சதவீதச் சுமை. பெயர் மாற்றத்தைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். நான் தேடிப் படித்தது வேறு பகுதியை. பயோமெட்ரிக் சரிபார்ப்பு, செல்போன் வழிக் கண்காணிப்பு, செயற்கை நுண்ணறிவு என்று இந்த முறை சட்டத்துக்குள்ளேயே கருவிகள் வந்துவிட்டன. முகத்தையும் பெயரையும் இனி இயந்திரமே பொருத்திப் பார்க்கும். போட்டோவைப் போட்டோ எடுத்தவர்களுக்கு கொஞ்சம் கஷ்டகாலம். வாராவாரம் விவரங்களை மக்கள் முன் வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. என் கண் அந்த வரியில்தான். அதை எப்படிச் செய்வார்கள்? இணையதளத்தில் ஏற்றிவிட்டு 'வைத்துவிட்டோம்' என்பார்களா, அல்லது சரிவில் உட்கார்ந்திருக்கிறவர்கள் காதில் விழுகிறமாதிரி யாராவது வாசிப்பார்களா?

*

அன்று மதியம் மூன்று மணிக்கு இரண்டாவது படம் எடுத்தார்கள். அதே வரிசை, அதே துண்டு. படத்தை அனுப்பப் பாறைக்குப் புறப்பட்ட பொறுப்பாளரை நிறுத்தி, "அவங்களுக்கு ஒரு தடவை காட்டுங்களேன்" என்றேன். அவர் யோசித்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க" என்று சிரித்துவிட்டுப் போனை நீட்டினார்.

ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். ஒரே சிரிப்பு. 'நீ கண்ணை மூடிட்ட', 'அவ பாரு எப்படி நிக்கறா'. கூலி காணாமல் போன அந்த அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தூரத்தில் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

ஒரு பெண் விரலை வைத்துக் காட்டினாள். முன்வரிசை ஆளின் தோளுக்குப் பின்னால் ஒரு துண்டின் நுனி தெரிந்தது.

"அதுவா நானு?" என்றார். பிறகு மண்வெட்டியைக் கழுவப் போனார்.